மாற்றுத்திறனாளிகள் சிறப்புக் கல்வி ஆசிரியராவது எப்படி: அட்டை முதல் பணி ஆணை வரை

பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் என எதில் குறைபாடு இருந்தாலும் சிறப்புக் கல்வி ஆசிரியராகலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17 பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. ஆனாலும் வழியில் பலர் ஓராண்டு, ஈராண்டை இழக்கிறார்கள். படிப்பு கடினம் என்பதால் அல்ல, காகிதம் வரிசை தப்புவதால்.

காகிதங்களில் முக்கியமானவை மூன்று: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, படிக்கும் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அனுமதி, படித்து முடித்ததும் அந்தக் கவுன்சிலின் பதிவு எண். கவுன்சிலை எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்கிறார்கள், இங்கும் அப்படியே. மூன்றும் இதே வரிசையில் கையில் வர வேண்டும். தமிழ்நாட்டில் படித்து, இங்கேயோ மத்திய அரசுப் பள்ளிகளிலோ வேலை தேடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. அட்டையை முதலில் சரிசெய்யுங்கள்

யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். இணையத்தில் சிக்கல் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, பழைய மருத்துவக் குறிப்புகள் தேவைப்படும். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு எல்லா நாளும் கூடாது. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். செவித்திறனுக்கு ஆடியோகிராம் என்ற கேட்டல் சோதனை, அறிவுசார் மற்றும் கற்றல் குறைபாட்டுக்கு உளவியல் மதிப்பீடு என்று கூடுதல் பரிசோதனைகள் இருக்கும். அவற்றுக்கு வேறு நாள் கொடுப்பதும் உண்டு.

அட்டை வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 80க்குள், நீலம் என்றால் 80 அல்லது அதற்கு மேல். இட ஒதுக்கீடு கிடைப்பது 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே. செவித்திறனில் இன்னொரு கணக்கும் உண்டு: இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் 'கேட்டல் குறைவு', 70 டெசிபலும் அதற்கு மேலும் என்றால் 'காது கேளாதவர்'.

இதில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

சான்றிதழ் தற்காலிகமானதா நிரந்தரமானதா என்று பார்க்காமல் விடுவது முதலாவது. காலாவதித் தேதி இருந்தால், சேர்க்கை நாளிலோ சான்றிதழ் சரிபார்ப்பு நாளிலோ அது தாண்டியிருக்கக் கூடாது. சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகத் தோன்றினாலும் பேசாமல் இருந்துவிடுவது இரண்டாவது. சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது, எழுத்தில் விண்ணப்பியுங்கள். மூன்றாவது, கல்லூரி விண்ணப்பம் வந்த பிறகு அட்டைக்கு அலைவது. அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வரும் என்றால், ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது.

2. பெயரும் இனிஷியலும்

இதற்குத் தனித் தலைப்பா என்று நினைக்க வேண்டாம், அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். யு.டி.ஐ.டி. அட்டை ஆதாரைப் பின்பற்றி அச்சாகும். ஆர்.சி.ஐ. பதிவின்போதும் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பிலும் இந்த வேறுபாடுகள் கேள்வியாகும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரைத் திருத்திவிட்டு அதன் பிறகு யு.டி.ஐ.டி.யைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைச்சல். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியிருந்தால் அரசிதழ் நகல் வேண்டும்.

கூடவே சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பள்ளியில் மொழிப்பாட விலக்கு பெற்றுப் படித்தவர்கள், முக்கியமாகச் செவித்திறன் குறைபாடுள்ளவர்கள், அந்த விலக்கு ஆணையின் நகலைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்குங்கள். அரசுப் பணித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் பற்றிய கேள்வி வரும்போது அது தேவைப்படும். பத்தாண்டு கழித்துப் போனால் பள்ளியில் கோப்பு இருக்குமா என்று சொல்ல முடியாது.

3. எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது

சிறப்புக் கல்விப் படிப்பில் செவித்திறன் குறை, பார்வைக் குறை, அறிவுசார் வளர்ச்சிக் குறை ஆகிய பிரிவுகள் பரவலாக உண்டு. ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு போன்றவை சில இடங்களில் மட்டும். உங்களுக்கு என்ன குறைபாடோ அதே பிரிவைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பார்வையற்றவர் அறிவுசார் வளர்ச்சிப் பிரிவு படிக்கலாம், சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்வைக் குறைப் பிரிவு படிக்கலாம். செய்முறைப் பயிற்சியில் தினமும் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

பார்வைக் குறைப் பிரிவில் தமிழ் பாரதி பிரெயில், கணிதத்துக்கு நெமெத் குறியீடு, தொட்டுணர்ந்து கணக்குப் போடும் டெய்லர் பலகை, அபாகஸ், நடமாட்டப் பயிற்சி ஆகியவை இருக்கும். சிறுவயது முதல் பிரெயிலில் படித்தவருக்கு இது சொந்த வீடு. ஆனால் இடையில் பார்வை இழந்து கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் மட்டும் படித்துப் பழகியவர், சேர்வதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விரலால் பிரெயில் படிக்கப் பழக வேண்டும். வகுப்பு தொடங்கிய பின் அந்த வேகம் வராது.

செவித்திறன் குறைப் பிரிவில் ஆடியோகிராம் எடுப்பது, கேட்டல் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவை செய்முறையில் உண்டு. காது கேளாதவர் இவற்றில் சிலவற்றை வழக்கமான முறையில் செய்ய முடியாது. சேரும் முன்பே மாற்றுப் பயிற்சி பற்றி நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். காது கேளாதவர்களுக்கென்றே இன்னொரு பாதை உண்டு: இந்திய சைகை மொழி கற்பித்தல் பட்டயம். பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு ஆண்டு. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இதை நடத்துகிறது. சைகை மொழியைத் தாய்மொழிபோல் அறிந்தவர் வகுப்பறையில் ஆசிரியராக நிற்பதைவிட ஒரு காது கேளாத குழந்தைக்குப் பெரிய உதவி வேறில்லை.

அறிவுசார் வளர்ச்சி, பல்வகைக் குறைபாட்டுப் பிரிவுகளில் குழந்தையைத் தூக்குவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, திடீரென்று ஓடும் குழந்தையைப் பிடிப்பது எல்லாம் அன்றாட வேலை. கை கால் இயக்கக் குறைபாடுள்ளவர்கள் உதவியாளருடன் எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே யோசியுங்கள். பார்வையற்றவருக்கு நடத்தைக் கூர்நோக்குப் பதிவில், பார்த்ததை அப்படியே சொல்லும் துணை ஒருவர் வேண்டும்.

ஒரு சிறப்புப் பள்ளியில் ஒரு வாரமாவது போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலான பள்ளிகள் கடிதம் கொடுத்தால் அனுமதிக்கும்.

4. பட்டயமா, பி.எட்.டா

பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் டி.எட். சிறப்புக் கல்விப் பட்டயம், இரண்டு ஆண்டு. பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால் பி.எட். சிறப்புக் கல்வி, அதுவும் நேரடி முறையில் இரண்டு ஆண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. உரிமைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் பின்னால் சேர்க்க முடியாது.

பட்டம் இருப்பவர்கள் பி.எட். எடுப்பதே நல்லது. சிறப்புக் கல்வியில் வேலை கிடைக்கத் தாமதமானாலும் இன்னொரு கதவு திறந்திருக்கும். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2010 ஆகஸ்ட் அறிவிக்கைப்படி, சிறப்புக் கல்வியில் டி.எட்., பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால், பணியில் சேர்ந்தபின் தொடக்கக் கல்வியில் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பொதுப்பள்ளி ஆசிரியர் பணிக்கும் வரலாம். ஆனால் உங்கள் பட்டப்பாடம் பள்ளிப்பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். வணிகம், மேலாண்மை, கணினிப் பயன்பாடு போன்ற பட்டங்களுக்குக் கற்பித்தல் பாடம் அமைவதில் சிக்கல் வரும். பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறானது என்றால் அது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் சமநிலை அரசாணை இருக்கிறதா என்று தேடி, நகல் எடுத்து வையுங்கள்.

பயிற்றுமொழியும் முக்கியம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை முழுதும் தமிழ் வழி என்று சான்று காட்ட வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, பட்டயத்தை மட்டும் ஆங்கில வழியில் முடித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

5. கல்லூரியைச் சரிபார்ப்பது

இந்த ஒரு படியை மட்டும் யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உண்டு. அதில் நான்கைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், நீங்கள் சேரும் பிரிவு, அனுமதி எந்த ஆண்டு வரை, எத்தனை இடங்கள். செவித்திறன் பிரிவுக்கு அனுமதி வைத்துக்கொண்டு அறிவுசார் பிரிவுக்கும் ஆள் சேர்க்கும் இடங்கள் உண்டு. 'அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்று சொன்னால் வந்த பிறகு சேருங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்டவர் படித்து முடித்தாலும் பதிவு எண் கிடைக்காது.

ஆறு மாதம், மூன்று மாதம் என்று விளம்பரம் வரும் 'சிறப்புக் கல்வி' சான்றிதழ்கள் ஆசிரியர் பணிக்குச் செல்லாது.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பட்டயமும் பி.எட்.டும் உண்டு. வளாகம் மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பதால் முதலில் பார்க்க வேண்டிய இடம். கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே தனித்துறை இயங்குகிறது. தொலைநிலையில் படிக்க நினைப்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை விசாரிக்கலாம். ஆனால் நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு அனுமதி உண்டா என்று ஆர்.சி.ஐ. பட்டியலிலேயே பாருங்கள். சென்ற ஆண்டு சேர்ந்த நண்பரின் அனுபவம் இந்த ஆண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சாய்தளம் வாசலில் மட்டும் இருக்கிறதா, கழிப்பறை வரை போகிறதா? வகுப்பு எந்த மாடியில்? நூலகத்தில் திரைவாசிப்பான் உள்ள கணினி உண்டா? செய்முறைப் பள்ளி எவ்வளவு தூரம், பேருந்து எது?

6. செலவு

கல்விக் கட்டணத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கையைக் கடிப்பது மற்றவை: கற்பித்தல் கருவிகள் செய்யும் பொருள்கள், ரெக்கார்ட் நோட்டுகள், செய்முறைப் பள்ளிக்குப் போய்வரும் ஆட்டோ, உதவியாளருக்குத் தர வேண்டிய பணம். சேரும் முன் மூத்த மாணவர் ஒருவரிடம் இவை மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான (போஸ்ட் மெட்ரிக்) உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காவிட்டால் பணம் வந்து சேராது. மாநில அரசு வழியில் கல்வி உதவித்தொகை, பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு மாவட்ட நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஸ்கூட்டருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், முதலாண்டிலேயே பதியுங்கள். திரைவாசிப்பானுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும்.

7. சேர்ந்த முதல் வாரம்: ஒரு கடிதம்

துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள். 'வசதி செய்து தர வேண்டுகிறேன்' என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. 'பாடக் குறிப்புகள் வகுப்புக்கு முந்தைய நாள் வேர்டு கோப்பாக வேண்டும்', 'மூன்றாம் பருவச் செய்முறைக்குத் தரைத்தள வகுப்புள்ள பள்ளி வேண்டும்', 'கருத்தரங்குகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று எழுதுங்கள். தமிழ் நூல்களின் பழைய எழுத்துரு பி.டி.எஃப். கோப்பைத் திரைவாசிப்பான் படிக்காது. யூனிகோட் எழுத்துரு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

சட்டம் இதை நியாயமான வசதி ஏற்பாடு (reasonable accommodation) என்கிறது, தர மறுப்பது பாகுபாட்டில் சேரும். இதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும், சண்டை தொனி வேண்டாம். இரண்டு ஆண்டும் அவர்களோடுதான் இருக்கப் போகிறீர்கள்.

8. செய்முறைப் பயிற்சி

பலர் பின்தங்குவது எழுத்துத் தேர்வில் அல்ல, இங்கே. பாடத்திட்டம், தனிநபர் கல்வித் திட்டம், தனியாள் ஆய்வு, கூர்நோக்குப் பதிவு எல்லாமே தேதியிட்ட ரெக்கார்டாக வேண்டும். வருகைப்பதிவு விதி செய்முறைக்குக் கடுமையாக இருக்கும். மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியவர்கள் எத்தனை நாள் விடலாம், விட்டதை எப்போது ஈடுசெய்யலாம் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ரெக்கார்டைக் கையால்தான் எழுத வேண்டும் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பார்வையற்றவர்களும் கை இயக்கக் குறைபாடுள்ளவர்களும் தட்டச்சு செய்து தர முதல் மாதத்திலேயே அனுமதி பெறுங்கள். வேறொருவரை எழுத வைத்தால் நேர்முகத் தேர்வில் உங்கள் உழைப்பைச் சந்தேகிப்பார்கள். படம், வண்ணம் தேவைப்படும் கற்பித்தல் கருவிகளை வடிவமைப்பது நீங்களாக இருக்கட்டும், வெட்டி ஒட்டுவதற்கு உதவி பெறலாம். ரெக்கார்டில் அதை அப்படியே குறிப்பிடுங்கள்.

வகுப்பெடுக்கும்போது கரும்பலகையை நம்பியிருக்க வேண்டியதில்லை. முன்பே தயாரித்த அட்டைகள், தொட்டுணரும் பொருள்கள், பதிவு செய்த ஒலி ஆகியவை சிறப்புக் குழந்தைகளுக்குக் கரும்பலகையைவிட நன்றாகவே உதவும்.

9. தேர்வும் ஸ்கிரைபும்

மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடும். பார்வையற்றவர்கள், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள் கேட்டாலே ஸ்கிரைப், அதாவது சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர், தர வேண்டும். மற்றவர்கள், எழுத இயலாது என்று அரசு மருத்துவ அதிகாரி உரிய படிவத்தில் தந்த சான்றைக் காட்ட வேண்டும். ஸ்கிரைபின் கல்வித் தகுதி உங்களுடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2025இல் மத்திய அரசு புதிய வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதால், எவ்வளவு குறைவு, சொந்த ஸ்கிரைபா தேர்வு நடத்துபவர் தருபவரா என்பதை ஒவ்வொரு அறிவிக்கையிலும் புதிதாகப் படியுங்கள். தேர்வுக்கட்டணம் கட்டும் நாளிலேயே ஸ்கிரைப் விண்ணப்பத்தையும் கொடுங்கள். மாற்று ஸ்கிரைப் ஒருவரின் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.

10. ஆர்.சி.ஐ. பதிவு எண்

தேர்ச்சிச் சான்று கிடைத்த வாரமே விண்ணப்பியுங்கள், முழுக்க இணையவழி. பத்தாம் வகுப்புச் சான்று, எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், தேர்ச்சி அல்லது பட்டச் சான்று, அடையாள அட்டை, புகைப்படம் வேண்டும். மங்கலான ஸ்கேன், பெயர் வேறுபாடு, விடுபட்ட பருவப் பட்டியல் ஆகியவற்றால்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறார்கள். விண்ணப்ப நிலையை வாரம் ஒருமுறை பாருங்கள். விளக்கம் கேட்டு வரும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடக்கும்.

பதிவில்லாமல் பணிபுரிவது ஆர்.சி.ஐ. சட்டம் 1992, பிரிவு 13இன்படி தண்டனைக்குரியது: ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 'பதிவு பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதலில் சேருங்கள்' என்று தனியார் பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்விக் கருத்தரங்குகளில் கலந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி ஆண்டில் மொத்தமாகச் சேர்ப்பது சிரமம்.

11. வேலை எங்கே

தமிழ்நாட்டில் முதலில் கண்ணில் படுவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் பணி. தொகுப்பூதியம், வட்டார வள மையத்தில் பணியிடம். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போக வேண்டியிருக்கும். இயக்கக் குறைபாடுள்ளவர்கள் எத்தனை ஊர், எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் அரசுச் சிறப்புப் பள்ளிகளும் தொண்டு நிறுவனப் பள்ளிகளும் அடுத்தவை. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்கள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆர்.சி.ஐ. பதிவோடு சிடெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். சிடெட் 150 கேள்வி, இரண்டரை மணி நேரம். உங்களுக்கு 50 நிமிடம் கூடும்.

பொதுப்பள்ளிகளில் தொடக்க நிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதிசெய்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது. அறிவிப்பு வரும் நாளில் பதிவு எண் கையில் இருப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும்.

அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு. அதில் பார்வை, செவித்திறன், இயக்கம் ஒவ்வொன்றுக்கும் 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் வயது வரம்புத் தளர்வு 10 ஆண்டு. அறிவிக்கையில் எந்தக் குறைபாட்டு வகைகள் ஏற்கப்படும் என்ற பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். உங்கள் வகை விடுபட்டிருந்தால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடுங்கள். தேர்வு முடிந்த பின் முறையிட்டால் காலம் வீணாகும்.

12. பணியில் சேரும்போது

உடற்தகுதிச் சான்றுக்குப் போகையில் யு.டி.ஐ.டி. அட்டையோடு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வானதைக் காட்டும் ஆணையையும் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதே குறைபாட்டைச் சொல்லித் தகுதியில்லை என்று எழுதிவிடும் வாய்ப்பு இருக்கிறது. சேர்ந்ததும் மாதாந்திர ஊர்திப்படிக்கும் தொழில் வரி விலக்குக்கும் விண்ணப்பியுங்கள், இரண்டும் தானாக வராது. வருமான வரியில் 80யு பிரிவின்கீழ் 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழிக்கலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது, ஆகவே ஆண்டு தொடக்கத்தில் எந்த வரிமுறை என்று அலுவலகத்துக்கு எழுதித்தரும் முன் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.